இரண்டு ஏரிகளுக்கு நடுவே

ஜூலை 29: டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே

நான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். ஏழு மணி நேரம் ஆயிற்று. ஐ-75 நெடுஞ்சாலையில் சாகினாவைத் தாண்டியதும் சாலை செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்ததால், படகுகளை இழுத்துக்கொண்டு வந்த வண்டிகளுக்கு நடுவில் ஒற்றைத் தடத்தில் ஊர்ந்தோம். மிச்சிகனில் கோடை மிகக் குறுகியது. அந்தச் சில வாரங்களில் மாநிலமே வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது.

நாங்கள் புறப்பட்டது படகுக்காகவோ மீனுக்காகவோ அன்று. தம்பியின் மகனுக்குப் பதினாறு வயது. டபுள் பாஸ் என்ற, ஆளுயரத் தாழ்குரல் வில்வாத்தியத்தை வாசிக்கிறான். இன்டர்லாக்கனில் நடக்கும் இளம் இசைக்கலைஞர்களுக்கான கோடை முகாமில் ஆறு வாரமாக இருக்கிறான். இந்த வாரத்தோடு அது முடிகிறது. தம்பி மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்காததால், "அக்கா, நீ வந்தா அவனுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று தம்பி என்னை அழைத்தான். மேற்கத்தியச் செவ்வியல் இசையும் ஜாஸும் எனக்கு அதிகம் பழக்கமில்லாதவை என்பதால் முதலில் தயங்கினேன். பிறகு, பிள்ளை வாசிப்பதைக் கேட்கத் தகுதி எதற்கு என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

கிரேலிங்கில் நெடுஞ்சாலையை விட்டு எம்-72 சாலையில் மேற்கே திரும்பியதும் இருபுறமும் பைன் காடுகள் வந்தன. கால்காஸ்காவைக் கடந்து வில்லியம்ஸ்பர்க்கை நெருங்கியபோது காடு விலகிச் செர்ரித் தோட்டங்கள் தொடங்கின. அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி மிச்சிகன் மாநிலத்தில், அதிலும் முக்கியமாக இந்தப் பகுதியில்தான் விளைகிறது. சாலையோரத்தில் ஆளில்லாத மேசை ஒன்றில் பழப்பெட்டிகளை அடுக்கி, பக்கத்தில் பூட்டிய தகர உண்டியல் ஒன்றை வைத்திருந்தார்கள். பெட்டி ஆறு டாலர். எங்களிடம் இருபது டாலர் தாள்தான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற வண்டியிலிருந்து இறங்கிய வயதான அம்மையார் ஒருவர் நாங்கள் விழிப்பதைப் பார்த்து, கேட்காமலே தம் கைப்பையைத் திறந்து சில்லறை மாற்றித் தந்தார். தந்ததை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். எங்களுக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணினார். எங்கே போகிறோம் என்று கேட்டார். இன்டர்லாக்கன் என்றதும் முகம் மலர்ந்து, "எந்த வாத்தியம்?" என்றார். இந்தப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி அதுதான் என்பதைப் பிறகு பலமுறை கண்டேன்.

தங்குமிடத்தில்தான் தொல்லை. இரண்டு மாதம் முன்பே பதிவு செய்திருந்த அறை, அவர்களுடைய கணக்கில் ஆகஸ்ட் 29 என்று ஏறியிருந்தது. முகாமின் கடைசி வாரம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இடமில்லை. தம்பி வண்டிக்குள் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் அழைத்து, கடைசியில் மேற்கே பியூலா என்ற சிற்றூரில் ஓர் அறையைப் பிடித்தான். ஒரு நாளுக்கு 245 டாலர், வரி தனி. நாங்கள் திட்டமிட்டதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிள்ளையின் ஆறு வாரக் கட்டணத்தில் ஒரு பகுதியை உதவித்தொகை ஏற்றுக்கொண்டபோதும் எஞ்சியதைக் கட்டவே இவர்கள் குடும்பம் ஓராண்டு சிக்கனமாக இருந்தது எனக்குத் தெரியும் என்பதால், அந்த 245 டாலர் என் மனத்தை உறுத்தியது. இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் மறையவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து செர்ரியைத் தின்றோம். அது இவ்வளவு புளிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 30: பைன் மரங்களுக்கு இடையே நூறு ஒத்திகைகள்

இன்டர்லாக்கன் என்றால் ஏரிகளுக்கு நடுவே என்று பொருள். கிரீன் லேக், டக் லேக் என்ற இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலத்துண்டு அது. சுவிட்சர்லாந்திலுள்ள ஏறக்குறைய இதே பெயர்கொண்ட ஊருக்கும் பொருள் இதுதான். ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் 1928இல் இங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான ஆர்கெஸ்ட்ரா முகாமை 115 பேரோடு தொடங்கினார். அன்று பள்ளிகளில் ஆர்கெஸ்ட்ரா என்பதே புதிது. ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறிக்கிடந்த திறமையான பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து, பெரிய இசையமைப்பாளர்களின் முழு உருப்படிகளை வாசிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இப்போது நாடகம், நடனம், ஓவியம், எழுத்து, ஜாஸ் என்று எல்லாமே இங்கே உண்டு. 1,200 ஏக்கர் நிலம்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தபோது முதலில் வந்தது ஓசை. கண்ணுக்கு மரங்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. காதுக்கு ஒரு கிளாரினெட் ஒரே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் ஒரு டிரம்பெட், எங்கோ ஒரு பியானோ. மரங்களுக்கிடையே சின்னச் சின்னக் குடில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, ஒரு வாத்தியம். எதுவும் எதனோடும் சேரவில்லை. ஆனாலும் இரைச்சலாகத் தோன்றவில்லை. விடியற்காலையில் தோப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது.

பிள்ளைகள் எல்லாரும் சீருடையில் இருக்கிறார்கள்: இளநீலச் சட்டை, கருநீலக் கீழாடை. விலையுயர்ந்த ஆடை உடுத்தியவன், பழைய ஆடை உடுத்தியவன் என்ற பேதம் தெரியக் கூடாது என்று தம்பி விளக்கினான். எனக்கு அது பிடித்திருந்தது. வாத்தியங்களில் அந்தப் பேதம் இருக்கத்தான் செய்கிறது. சட்டையிலாவது இல்லாமல் இருக்கட்டும்.

தம்பி மகன் ஓடி வந்து "அத்தை!" என்று கட்டிக்கொண்டான். உயரமாகிவிட்டான். வலக்கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி ஒன்று வந்திருந்தது. ஆர்கெஸ்ட்ராவில் வில்லால் வாசிக்கிறவனுக்கு வலக்கை விரலில் ஏன் கொப்புளம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நாளைக்குக் காட்டுறேன் அத்தை" என்றான்.

மதியம் ஒத்திகையைக் கேட்க அனுமதித்தார்கள். உலக இளையோர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று அந்தக் குழுவுக்குப் பெயர். வாரம் ஒரு புதிய நிகழ்ச்சி, பெரும்பாலும் குழுவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநரும் புதியவர். தொழில்முறைக் கலைஞர்கள் பழகிய வேகம் அது. அதைப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆறு வாரம் தாங்கியிருக்கிறார்கள். நடத்துநர் ஓர் இடத்தில் நிறுத்தினார். டபுள் பாஸ்காரர்கள் எட்டுப் பேரையும் பார்த்து, "உங்கள் சுரம் சரி, தாளம் சரி, இப்போது ஓபோக் குழலைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள்" என்றார். அதே நான்கு வரியை மறுபடி வாசித்தார்கள். என்ன மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முன்பு தரையில் மேசை நகர்வதுபோல் இருந்த ஓசை, இப்போது அந்த ஒற்றை ஓபோவைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தது.

ஒத்திகை முடிந்ததும் பிள்ளையின் முகத்தில் கவலை தெரிந்தது. வாத்தியத்தில் ஏதோ அதிர்கிறது என்றான். கீழ்த் தந்தியில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் வண்டு சிக்கிக்கொண்டதுபோல் ஒரு ரீங்காரம். மூன்று நாள் கழித்துக் கடைசி நிகழ்ச்சி.

இரவு கிரெஸ்கி அரங்கில் பேண்ட் கச்சேரி. கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை; சுமார் 4,000 பேர் அமரலாம்; மேடைக்குப் பின்னால் ஏரி தெரிகிறது. ஏரி வெளிச்சம் மங்க மங்க மேடை விளக்கு ஏறிக்கொண்டே வந்தது. அணிவகுப்பு இசைக்குப் பேர்போன ஜான் பிலிப் சூசா 1930களின் தொடக்கத்தில் இங்கே விருந்தினராக வந்து பிள்ளைகளின் குழுவுக்கு நடத்துநராக இருந்திருக்கிறார். 1931இல் இந்த முகாமுக்கென்றே ஓர் அணிவகுப்பும் எழுதித் தந்தார். வடக்கத்திப் பைன் மரங்கள் என்று பொருள்படும் அந்த உருப்படியைப் பைன் மரங்களுக்கு நடுவிலேயே கேட்டேன்.

கடைசி உருப்படி முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, நடத்துநர் மேடையை விட்டு இறங்கினார். அவருடைய இடத்தில் ஒரு மாணவி வந்து நின்றாள். மெதுவான, அகன்ற ஒரு மெட்டு. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஹவர்ட் ஹான்சன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனியிலிருந்து எடுத்த பகுதி அது. இங்கே கச்சேரிகளை அதைக் கொண்டுதான் முடிக்கிறார்கள். அது முடிந்ததும் நான் கைதட்டுவதற்குக் கைகளை உயர்த்தினேன். பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர் என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரல்களை மட்டும் மெல்ல வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்தேன்: ஒருவரும் கைதட்டவில்லை. பல்லாயிரம் கச்சேரிகளில் கைதட்டலோடு எழுந்து போயிருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த மெட்டைக் காதுக்குள் வைத்துக்கொண்டு அப்படியே எழுந்து நடந்தார்கள். சரளைக்கல் பாதையில் செருப்புகள் உரசும் சத்தம் மட்டும் வெகுதூரம்வரை கேட்டது. நான் இதுவரை போன எந்தக் கச்சேரியும் இப்படி முடிந்ததில்லை.

ஜூலை 31: மழையும் ஜாஸும்

விடியற்காலையிலிருந்து மழை. நேற்று வியர்த்து வழிந்த இடத்தில் இன்று கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது. கொசுக்கள் மட்டும் இரண்டு நாளும் மாறவில்லை.

காலையில் ஜாஸ் மாணவர்களின் சிறுகுழு ஒன்றின் ஒத்திகையைக் கதவோரம் நின்று கேட்டோம். பியானோ, டிரம்ஸ், டெனர் சாக்ஸபோன், டிரம்பெட், டபுள் பாஸ் என ஐந்து பிள்ளைகள். பாஸ் வாசித்தவள் ஒரு சிறுமி. வாத்தியம் அவளைவிட உயரம். ஜாஸ் என்றால் மனம்போன போக்கில் வாசிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு அளவு கொண்ட பிளூஸ் சுழற்சி: அளவு என்ற ஒவ்வொரு தாளப் பிரிவுக்கும் நான்கு தட்டு, பன்னிரண்டு அளவு முடிந்தால் மறுபடி தொடக்கம். யார் எவ்வளவு தூரம் போனாலும் அந்தச் சுழற்சியின் தலைக்கு எல்லாரும் ஒன்றாக வந்து சேர வேண்டும். தாளச் சுற்றான ஆவர்த்தனத்தை எண்ணிப் பழகிய எனக்கு அது உடனே பிடிபட்டது. கை தானாகவே தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். சாக்ஸபோன் பையன் தன் முறையில் விரைவான சுரங்களாகக் கொட்டினான். நல்ல விரல். அவர் நிறுத்தி, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடச் சொன்னார். பையன் கூச்சத்தோடு பாடினான். பாடும்போது மூச்சுக்கு ஒரு வரிதான் வந்தது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வடிவம் இருந்தது. "பாடியதை மட்டும் வாசி" என்றார். மறுபடி வாசித்தபோது சுரங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, இடைவெளிகள் வந்தன, அந்த இடைவெளிக்குள் பியானோ பதில் சொல்ல இடம் கிடைத்தது. பிறகு டிரம்ஸும் சாக்ஸபோனும் நான்கு நான்கு அளவாக மாற்றி மாற்றி வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்தவன், சாக்ஸபோன் கடைசியாகச் சொன்ன தாளக்கட்டை எடுத்துத் திருப்பித் தந்தபோது பிள்ளைகள் ஐவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், நேற்று ஆர்கெஸ்ட்ராவிலும் இன்று இங்கேயும் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம் என்று உணர்ந்தேன். தன் பகுதியை எல்லாரும் வீட்டிலேயே கற்றுவிடலாம். அடுத்தவனைக் கேட்கக் கற்க ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும்.

மதியம் ஒரு குடிலுக்குள் பிள்ளை எங்களை அழைத்துப்போனான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஜாஸ் மாணவன் சாக்ஸபோனோடு காத்திருந்தான். முகாமின் முதல் வாரத்தில், வாசித்துப் பழகப் பாஸ் ஆள் இல்லை என்று அவன் கேட்டானாம். இவன் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். ஜாஸில் பாஸ் நடக்க வேண்டும். தட்டுக்கு ஒரு சுரமாக, நின்றுவிடாமல், இசைவுகள் மாறும் இடங்களுக்கெல்லாம் முன்கூட்டியே வழி போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியால் அல்ல, பக்கவாட்டுச் சதையால் தந்தியை இழுக்க வேண்டும். கொப்புளத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

இருவரும் கால் மணி நேரம் வாசித்தார்கள். கூரைமேல் மழை. பாஸ் வாத்தியத்தை நான் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. தடித்த நான்கு தந்திகள். இழுத்துவிட்டதும் தந்தி கண்ணுக்குத் தெரியும்படி அகலமாக அசைந்து ஒரு மங்கலான பட்டையாக நின்றது. ஓசை காதுக்கு வருவதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த மரப்பலகை வழியாக முதுகுக்கு வந்தது. ஆர்கெஸ்ட்ராவில் எட்டுப் பேரில் ஒருவனாகப் பின்வரிசையில் நிற்கிற பிள்ளை, இங்கே தனியாளாக ஒரு வீட்டின் அஸ்திவாரமாக நின்றான். தம்பி வாயே திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு முகாமின் பழைய கதை ஒன்றைத் தம்பியிடமிருந்து கேட்டேன். இந்தப் பிள்ளைகளின் கச்சேரிகள் ஒரு காலத்தில் நாடு முழுவதும் வானொலியில் ஒலித்தன. 1942இல் இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, கூலி வாங்காத மாணவர்கள் வாசித்தால் தொழில்முறைக் கலைஞர்களின் பிழைப்புக் கெடும் என்று சொல்லி அந்த ஒலிபரப்பைத் தடுத்துவிட்டார். விவகாரம் நாடாளுமன்றம்வரை போய், வானொலி நிலையங்களைத் தொழிற்சங்கம் நிர்ப்பந்திப்பதைக் கட்டுப்படுத்திய லீ சட்டம் 1946இல் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. தொழிலாளர் பக்கத்து நியாயத்தை நான் முழுவதும் ஒதுக்கமாட்டேன். வாத்தியம் வாசித்துக் குடும்பம் நடத்துபவர்களின் அச்சம் பொய்யன்று. ஆனாலும் பள்ளிப்பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்தித்தான் அதைத் தீர்க்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவு நடந்த ஜாஸ் கச்சேரியில் காலையில் பார்த்த ஐவரும் வந்தார்கள். டிரம்ஸ் கலைஞர் பீட்டர் எர்ஸ்கின் படித்ததும், பாடகி நோரா ஜோன்ஸ் சிறுவயதில் கோடைக்கு வந்ததும் இந்த வளாகத்துக்குத்தான். அந்தச் சாக்ஸபோன் பையன் தன் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அளவு முழுவதும் ஒன்றும் வாசிக்காமல் காத்திருந்தான். பிறகு மூன்றே மூன்று சுரம். அரங்கத்தில் யாரோ "ஆமாம்!" என்று உரக்கச் சொன்னார். இந்த இசையில் அப்படிச் சொல்லலாம்; சொல்வது மரியாதை. எனக்குப் பின்னால் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்துகொண்டிருந்தார். தம் மகன் வாசிக்கும் அந்த மூன்று சுரங்களை அவர் திரையில்தான் பார்த்தார் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 1: ஒட்டு விட்டுப்போன பாஸ்

காலை உணவுக்குப் பியூலாவிலேயே 1922 முதல் இருக்கும் செர்ரி ஹட் உணவகத்தில் செர்ரிப் பை சாப்பிட்டோம். மேல் மாவில் சிரிக்கும் முகம் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். முதல் நாள் பல்லைக் கூசவைத்த அதே புளிப்பு, சூட்டோடும் சர்க்கரையோடும் சேர்ந்தபோது வேறொன்றாகியிருந்தது. பரிமாறிய பெண்ணும், எந்த வாத்தியம் என்று கேட்டார்.

ரீங்காரத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வாத்தியங்களைப் பழுதுபார்ப்பவர் பாஸை ஒரு கம்பளிமேல் படுக்கவைத்து, விரல் முட்டியால் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக் என்று இறுக்கமாக வந்த ஓசை இடுப்பு வளைவுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் தளர்ந்து இரட்டையாக ஒலித்தது. அங்கே மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் இடையே ஒட்டு விட்டுப்போயிருந்தது; காகிதம் நுழையும் அளவு இடைவெளி, நான்கு விரல் நீளம். வெயில், புழுக்கம், திடீர்க் குளிர் என்று மாறி மாறி வந்ததில் மரம் விரிந்து சுருங்கியிருக்கிறது.

"உடைஞ்சுடுச்சா?" என்று தம்பி பதறினான். அந்த மனிதர் நிதானமாக விளக்கினார். வயலின் குடும்பத்து வாத்தியங்களை ஒட்டுவதற்கு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பழைய பசையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இதைவிட வலுவான பசைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் வலுவான பசையால் ஒட்டினால், மரம் இழுபடும்போது ஒட்டு விடாது, பலகை பிளந்துவிடும். விட்டுக்கொடுக்கும் பசையாக இருந்தால் ஒட்டு மட்டும் விடும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். வாத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகவே அந்தப் பலவீனத்தை வைத்திருக்கிறார்கள். மெல்லிய கத்தியால் வெந்நீர்ப்பதமான பசையை இடைவெளிக்குள் ஊட்டி, தக்கை வைத்த இறுக்கிகளால் பிடித்தார். நாற்பது டாலர் வாங்கிக்கொண்டார். நாளைக் காலைவரை தந்தியைத் தொடக் கூடாது என்றார்.

கடைசி ஒத்திகைக்கு இரவல் பாஸ். முன்வரிசையில் நிற்கும் பெண், அடுத்த ஒத்திகை இல்லாத ஒரு தோழியின் வாத்தியத்தைக் கேட்டு வாங்கித் தந்தாள். வாத்தியத்துக்கு வாத்தியம் தந்தி நீளம் மாறும்; விரல் வைக்கும் இடமும் மாறும். முதல் அரைமணி நேரம் பிள்ளையின் சுரங்கள் சற்றே விலகி விழுந்தன. பக்கத்தில் நின்றவன் தன் வாசிப்பைக் கொஞ்சம் உரக்கச் செய்து இவனுக்குப் பிடிமானம் கொடுத்தான் என்று பிறகு பிள்ளையே சொன்னான்.

மாலையில் முகாமுக்குள்ளேயே இருக்கும் மெலடி ஃப்ரீஸ் கடையில் ஐஸ்கிரீம் வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். மழை விட்டுத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

ஆகஸ்ட் 2: கடைசி இரவு

காலை ஒன்பது மணிக்கு இறுக்கிகளைக் கழற்றினார்கள். பிள்ளை வில்லை எடுத்துக் கீழ்த் தந்தியில் அந்தச் சுரத்தை நீளமாக இழுத்தான். சுத்தமாக வந்தது. மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

பகல் முழுவதும் வளாகத்தில் பெட்டிகளும் வண்டிகளும். கட்டிப்பிடித்து அழும் பிள்ளைகள், முகவரி எழுதிக்கொள்ளும் பிள்ளைகள், அம்மா அப்பாவை அறிமுகம் செய்துவைக்கும் பிள்ளைகள். தாய்வான், மெக்சிகோ, டெக்சஸ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். சாக்ஸபோன் பையனின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் பையன் இல்லாவிட்டால் இவன் தனியாகத்தான் வாசித்திருப்பான்" என்றார். நான் அத்தைதான் என்றேன். அதனால் என்ன என்றார்.

முகாம் தொடங்கிய 1928 முதல் கோடையை முடிப்பது ஒரே உருப்படி: ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதி 1854இல் வைமார் நகரில் முதலில் அரங்கேறிய லே ப்ரெலூட் என்ற சிம்பொனிக் கவிதை, அதாவது ஆர்கெஸ்ட்ரா ஒரு கருத்தை இடைவிடாமல் இசையிலேயே சொல்லும் உருப்படி. கால் மணி நேரம் போகும். ஆர்கெஸ்ட்ராக்காரர்களும் பேண்ட்காரர்களும் சேர்ந்து வாசிக்க, நடன மாணவர்கள் ஆடுகிறார்கள். மேடை நிரம்பி வழிந்தது. ஏழரை மணிக்கே இருக்கைகள் இல்லை. பக்கங்களில் புல்வெளியில் மக்கள் நின்றார்கள்.

மதியமே பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தான்: "முதல் சத்தம் தந்திக்காரங்களோடது அத்தை. வில்லால இல்ல, விரலால. ரெண்டே ரெண்டு." நான் அதற்காகவே காத்திருந்தேன். நடத்துநரின் கை உயர்ந்தது. மேடையிலும் புல்வெளியிலும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. இரண்டு மெல்லிய மீட்டல்கள். அத்தனை வில்வாத்தியங்களும் சேர்ந்து மீட்டியும் ஒரு துளி விழுந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் அதன் அடியில் பாஸ்களின் கனம் இருப்பதை என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. இரண்டு நாள் முன்னால் குடிலில் முதுகில் பட்ட அதே ஓசை. நான்கு நாளைக்கு முன் நான் வந்திருந்தால் அந்த இரண்டு மீட்டல்களும் எனக்குக் கேட்டே இருக்காது. மெட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்திருப்பேன்.

சற்று நேரத்தில் இசை விரிந்து எழும் இடம் வந்தது. அங்கே வயலின்கள் மேலும் கீழுமாக அலையடிக்க, மெட்டை ஏற்பவை தாழ்ந்த குரல் வாத்தியங்கள்: டிரம்போன்களோடு செல்லோக்களும் டபுள் பாஸ்களும். எப்போதும் அடியில் நிற்பவர்களுக்கு வந்த முறை அது. பாஸ் வரிசை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வில்லை இழுத்தது. தம்பி என் கையை இறுகப் பிடித்திருந்தான். அவனிடம் பிள்ளையைச் சுட்டிக்காட்ட நினைத்தேன். அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன். மேடைக்குப் பின்னால் ஏரியில் கடைசி வெளிச்சம் செம்பாக இருந்தது; நடனப் பிள்ளைகளின் நிழல்கள் அதன்மேல் விழுந்து விழுந்து எழுந்தன.

முடிந்ததும் கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆயிற்று. இரவோடிரவாகத் தெற்கே திரும்ப வேண்டும். இன்னொரு 245 டாலர் எங்களிடம் இல்லை. இரண்டாம் வரிசை இருக்கை ஒன்றை மடக்கி, பாஸை உறையோடு படுக்கவைத்தோம். கழுத்துப்பகுதி முன்னிருக்கைகளுக்கு நடுவில் வந்து நின்றது. மான் குறுக்கே ஓடும் சாலை என்பதால் தம்பி மெதுவாகவே ஓட்டினான். கிரேலிங்கில் பெட்ரோல் போட நின்றபோது இரவு ஒரு மணி. காப்பி இரண்டு டாலர். கடைக்காரர், வண்டிக்குள் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, விரலால் மீட்டுவதுபோல் காற்றில் அசைத்துக் காட்டினார். தம்பி மகன் தூக்கக் கலக்கத்திலும் தலையாட்டினான்.

மறுபடி நெடுஞ்சாலை. உறையின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரங்களின் ஓசை வாத்தியத்தின் வயிற்றுக்குள் போய் உள்ளங்கைக்கு மெல்லிய அதிர்வாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை பின்னிருக்கையில் தூங்குகிறான் என்று நினைத்தேன். சாலை வேலை நடந்த இடத்துக்கு வந்து, பழைய கான்கிரீட் முடிந்து புதுத் தார்ச்சாலை தொடங்கிய கணத்தில், கண் திறக்காமலே சொன்னான்: "அரைச் சுரம் இறங்கிடுச்சு அத்தை. கேட்டுச்சா?"

கேட்டது என்றேன்.